அருளின் ஊரைப் பார்த்துவிட்டு வந்தேன், அக்கா

என்னை இடுப்பில் தூக்கித் திரிந்த அக்காவுக்கு,

“வேலைய அவன் பேருக்குக் கேக்கட்டுமா, நானே வாங்கிக்கட்டுமாடா?” என்று ஒரு மத்தியானம் என்னிடம் கேட்டாய். அத்தான் சர்வீஸில் இருக்கும்போதே மாரடைப்பில் போய், முப்பதாம் நாள் பூசை முடிந்திருந்த நேரம். சுரங்கத்தில் வேலை பார்த்தவருடைய வீட்டில் ஒருவருக்கு வாரிசு வேலை கிடைக்கும். உன் மகன் அருள் அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தான். நெய்வேலியில் இந்தக் கேள்விக்கு எல்லோரும் சொல்கிற பதில் ஒன்றுதான்: பையனுக்கு வாங்கிக் கொடு. நானும் அதையே சொன்னேன்.

உன் கொழுந்தன் சேவியர் இன்னும் பலமாகச் சொன்னார். “அண்ணி, பர்மனென்ட் வேலை. குவார்ட்டர்ஸும் கைய விட்டுப் போவாது. படம் வரைஞ்சிக்கினு இருந்தா சோறு போடுமா?” நீ அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாய். மறுவாரம் உன் பேரைக் கொடுத்துவிட்டு வந்தாய். அருள் ஓவியம் படிக்கச் சென்னைக்குப் போனான். நீ அட்டெண்டராக ஃபைல் தூக்கப் போனாய்.

இப்போது செய்திக்கு வருகிறேன். என் மகளுக்குப் பிரசவம் என்று நானும் என் மனைவியும் அமெரிக்கா போயிருந்தோம். ஆண் குழந்தை, உன் மூக்கு. அங்கிருந்து நான் மட்டும், படிப்பு முடிந்து அந்த நாட்டுக்கே போய்விட்ட அருளைப் பார்க்கச் சாந்தா ஃபே என்ற ஊருக்குப் போனேன். புறப்படும்போதே சேவியர் சொல்லி அனுப்பியிருந்தார்: “தாய்மாமன் நீங்க. காதப் புடிச்சி இழுத்துக்கினு வாங்க. பெத்தவளுக்கு ஒரு புடி மண்ணு போட வரல. வருஷப் பூசைக்காவது வந்து நிக்கட்டும்.”

அவன் ஏன் வரவில்லை என்று உனக்குத் தெரியுமா, அக்கா? அங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கான அவனுடைய காகிதம் இன்னும் முடிவாகவில்லை. நடுவில் நாட்டைவிட்டுக் கிளம்பினால் திரும்பி நுழைய முடியாது. உன் அடக்கத்தன்று அவன் போனில் இருந்தான். செல்போனை உன் பெட்டியருகே பிடித்துக்கொண்டு நான்தான் நின்றேன். ஜெபம் முடியும்வரை அவன் போனை வைக்கவில்லை. சேவியர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஊர் ஒரு மேட்டுப் பாலைவனம். நம் ஊர் வெயில் உடம்பில் ஒட்டும்; அந்த வெயில் உரசிக்கொண்டு போகிறது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வீடெல்லாம் மண் நிறம், மூலையெல்லாம் கையால் வழித்துவிட்டதுபோல வழவழப்பு. வாசலுக்கு வாசல் சிவப்பு மிளகாயைச் சரம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். “சமைக்கவா, அழகுக்கா?” என்றேன். “ரெண்டுத்துக்கும்தான் மாமா. யாராச்சும் கிள்ளிக்கினு போயிடுவாங்கன்னு பயப்படாதீங்க,” என்று சிரித்தான். அந்த நாலு நாளில் அவன் சிரித்தது குறைவு.

ஒரு தெரு முழுக்க ஓவியம் விற்கும் படக்கடைகள். கடைக்குக் கடை நுழைந்து சுவரில் அவன் பெயரைத் தேடினேன், ரிசல்ட் ஒட்டிய பலகையில் நம் வீட்டுப் பிள்ளையின் நம்பரைத் தேடுகிற மாதிரி. எங்கும் இல்லை.

“உன் படம் எங்கடா?”

“நான் சட்டம் அடிக்கிறவன் மாமா. அதோ, அந்தப் படத்துக்குச் சட்டம் நான் போட்டதுதான்.”

அடுத்தவர்கள் வரைந்ததற்குச் சட்டம் போட்டு, சுவரில் நேராக மாட்டுவது அவனுடைய வேலை. நான் அந்தச் சட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். நன்றாகத்தான் இருந்தது. வேறு என்ன சொல்வேன்?

அவன் அறைக்குப் போனோம். படங்களைச் சுவர்ப்பக்கம் திருப்பி அடுக்கியிருந்தான். நீ போனபிறகு தூரிகையைத் தொடவில்லையாம். நான் வற்புறுத்தியதால் ஒன்றைத் திருப்பினான். முக்கால்வாசி வானம், கீழே மெல்லிய பழுப்புக் கோடு, அவ்வளவுதான். எத்தனையோ ஆயிரம் விடைத்தாள் திருத்திய கை இது. அந்தப் படத்துக்கு முன்னால் ஒரு மார்க்கும் போட வரவில்லை. நல்ல படமா, சுமாரா? பார்க்கத் தெரியாதவனாகப் போய்விட்டேனே என்றுதான் இருந்தது. நீயாவது இருந்திருந்தால், புரியாவிட்டாலும் “அழகா கீதுடா” என்று சொல்லியிருப்பாய்.

மறுநாள் ஊர் நடுவில் இருக்கும் மைதானத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சட்டென்று கேட்டான்:

“அந்த வேலைய நானே வாங்கிக்கினு இருந்தா, அம்மா கடைசில தனியா கெடந்திருக்காதுல்ல மாமா?”

நான் வாய் திறக்குமுன் அவனே தொடர்ந்தான். “வந்துடறேன். காகிதம் போனா போவுது. மைன்ஸ்ல காண்ட்ராக்ட்ல எதுனா கெடைக்குமா? சித்தப்பாவாண்ட சொல்லி வைங்க.”

முப்பது தாண்டிய பிள்ளை, அக்கா. அவன் கேட்டது வேலை இல்லை. தண்டனை கேட்டான்.

எனக்கு எதையும் உதாரணம் வைத்துத்தான் சொல்ல வரும். பரீட்சை முடிந்து வெளியே வருகிற பிள்ளைகள் இரண்டு வகை என்றேன். ஒருத்தன் வீட்டுக்குப் போய் அடுத்த பாடத்தை எடுப்பான். இன்னொருத்தன் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே நின்று, முடிந்துபோன வினாத்தாளுக்கு விடையை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருப்பான். “நீ கேட்டுக்கு வெளிய நிக்கிறடா. அதுலயும் அந்தப் பரீட்சைய எழுதினது நீ இல்ல. உங்கம்மா.”

“சரி, மார்க்கு யார் போடறது மாமா?”

அக்கா, உனக்குத் தெரிந்தால் எனக்குச் சொல். எதிரே ஒருவர் துணி விரித்து வெள்ளி வளையல்களை அடுக்கிக்கொண்டிருந்தார். இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில் நான் சொன்னது இதுதான்: “இந்த வருஷம் வராத. பூசைய நான் பாத்துக்கறேன். காகிதம் வந்தப்புறம் வா, அம்மாவப் பாக்க வா. அடி வாங்க வராத.”

அவன் தலையாட்டினான். ஒப்புக்கொண்டு ஆட்டினானா, பெரியவர் பேச்சென்று ஆட்டினானா, தெரியவில்லை. சொன்னது சரிதானா என்று ஊர் திரும்பியும் எனக்கு உறக்கம் இல்லை. இழுத்துவரச் சொல்லி அனுப்பினார்கள். நான் தடுத்துவிட்டு வந்திருக்கிறேன். ஒருவேளை நீ அவனுக்காகக் காத்திருக்கிறாயோ?

சேவியரிடம் சொன்னேன். “நல்ல தாய்மாமன்பா நீங்க!” என்று செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். பூசைக்கு அவர் வருவாரா என்பதும் தெரியவில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அக்கா. வருஷப் பூசையன்று மேல்பட்டாம்பாக்கத்தில் உன் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, மகன் நிற்க வேண்டிய இடத்தில் நான் நிற்பேன். “புள்ள எங்க?” என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும், முகம் சுளிக்காமல், “நான்தான் வர வேணாம்னேன்” என்று சொல்வேன். அந்தப் பேச்சு என்னோடு நிற்கட்டும். அவனிடம் போக வேண்டாம்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. தூரத்தில் இருக்கும் பிள்ளையிடம் அடுத்த முறை பேசும்போது, “எப்ப வர்ற?” என்று கேட்காதீர்கள், “இன்னைக்கு என்ன வேலை செஞ்ச?” என்று கேட்டுவிட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருந்து பாருங்கள்.

உன் பிள்ளைக்குத் தாய்மாமன்,
உனக்கு என்றைக்கும் தம்பி