இழவு வீட்டு வீடியோவுக்கு ஒரு மென்பொருள்

நான் கோபமாய் இருக்கிறேன் என்று தெரிந்தும் சிரித்துக்கொண்டே உள்ளே வருகிற என் அப்பாவுக்கு,

கருமாதி முடிந்துவிட்டது. சொந்தக்காரர்கள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். வட்டவளைப் பக்கம் மழை விட்டபாடில்லை. நீங்கள் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போன மலையில் இருந்த குளவிக்கூட்டை இப்போதுதான் கலைத்தார்கள். ஆளைக் கொட்டிக் கொன்ற பிறகு! கங்காணி என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு போனார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும்.

நான் எழுத வந்தது வேறு விஷயம். என் படிப்புக்கென்று அட்டன் டவுனில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி, மழையில் நனையாமல் சாக்கில் சுற்றித் தூக்கி வந்தீர்களே, அதில் நான் செய்த முதல் உருப்படியான வேலை என்ன தெரியுமா? உங்கள் சாவு வீடியோவை எடிட் செய்ததுதான். வெளங்குமா என் படிப்பு?

அம்மாவால் வர முடியவில்லை அப்பா. குவைத்தில் அவர் வேலை செய்கிற வீட்டுக்காரர்கள் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்கவே இல்லை. பொண்டாட்டி உட்கார வேண்டிய உங்கள் தலைமாட்டில் லெச்சுமி அத்தைதான் உட்கார்ந்திருந்தது. உங்களைத் தூக்கப் போகிற நேரத்தில் அத்தை அம்மாவை வீடியோ காலில் எடுத்து, போனை உங்கள் காதோரம் வைத்ததாம். நான் மயங்கி விழுந்து பக்கத்து வீட்டில் கிடந்தேன்.

அம்மா பக்கம் திரை கறுத்துப்போயிருக்கிறது. லைன் அறுந்தது தெரியாமல் அவர் பாட்டுக்கு அழுது தீர்த்திருக்கிறார். அன்றிலிருந்து போன் எடுத்தால் ஒரே கேள்விதான். "பாப்பா, நான் கூப்புட்டது அப்பாவுக்குக் கேட்டுச்சா?"

அத்தை, "நல்லாக் கேட்டுச்சு அண்ணி, எல்லாமே கேட்டுச்சு" என்றது. தப்பு மேளம் அடித்தவர்களில் ஒருவர், போனிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை என்றார். அம்மா அத்தையை நம்பவில்லை. "அவ என் மனசு ஆறட்டும்னு சொல்றா. நீ வீடியோவ அனுப்பு. நான் கண்ணால பாக்கணும்."

லயத்து வரிசைவீட்டுப் பையன்கள் ஆளுக்கொரு போனில் எடுத்திருந்தார்கள். எல்லாம் துண்டு துண்டாய்க் கிடந்தது. அத்தனையையும் அப்படியே அனுப்ப நம்ம சிக்னல் இடம் கொடுக்காது. மேடம் தூங்குகிற நேரத்தில்தான் அம்மா போனைத் தொட முடியும். ஆகவே எல்லாவற்றையும் சேர்த்து, வெட்டி, ஒன்றாக்க வேண்டும். வீடியோ எடிட்டிங் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது.

இன்டர்நெட்டில் எல்லாரும் ஆகா ஓகோ என்ற ஒன்றை முதலில் இறக்கினேன். சினிமாக்காரர்கள் பாவிக்கிறதாம். திறந்ததும் நம் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. மவுசைக்கூட அசைக்க முடியவில்லை. அட்டனில் நீங்கள் வாங்கிய கடைக்கே போய்ச் சொன்னேன். அந்தச் சிங்கள அண்ணன், தங்கச்சி என்பதை மட்டும் சிங்களத்தில் வைத்து, தன் தமிழில், "நங்கி, ஒங்க மெஷினுக்கு அது தாங்காது. ரேம் பத்தாது. சின்னதா ஒண்ணு போடுங்க" என்றார்.

சின்னதாக ஒன்றைப் போட்டேன். இலவசம்தான். ஆனால் வேலையெல்லாம் முடிந்து வீடியோ வெளியே வந்தபோது, அந்தச் சனியன் தன் பெயரைப் பெரிய எழுத்தில் உங்கள் நெற்றியில் குத்தியிருந்தது. திருநீறு பூசின இடத்தில்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதைப் பார்த்துப் பேசாத பேச்செல்லாம் பேசினேன். அதை அழித்துவிட்டு, புதிதாய்ப் பழகுகிறவர்களுக்கு இதைவிட எளிது கிடையாது என்று சொல்லியிருந்த இன்னொன்றைப் பிடித்தேன்.

அது எளிதுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். எல்லாத் துண்டுகளையும் உள்ளே போட்டால் போதும், அதுவே பார்த்து, அதுவே வெட்டி, அதுவே பாட்டும் போட்டுவிடும். இரைச்சலை நீக்கவா என்று கேட்டது. தகரத்தில் மழை கொட்டுகிற சத்தம் எதற்கு என்று ஆமாம் போட்டேன். முகத்தை மெருகேற்றவா என்று கேட்டது. குளவி கொட்டி உங்கள் முகம் எப்படி வீங்கிக் கிடந்தது! அம்மா அதைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். அதற்கும் ஆமாம் போட்டேன்.

வழவழவென்று ஒரு வீடியோ வந்தது. அதை முழுசாய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அப்படியே அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன்.

"யாருடி இது?" அம்மா கேட்ட முதல் வார்த்தையே அதுதான். "எம் புருசன் மொகமா இது? கல்யாண வீட்டு வீடியோ கணக்கா பாட்டு வேற. தப்புச் சத்தமே இல்ல. ஆளுங்க வாயத் தொறந்து அழுவுறாங்க, ஒண்ணுங் கேக்கல. எஞ் சத்தமும் இல்ல. அப்பக் கேக்கலதானே பாப்பா? சும்மா பொய் சொன்னீங்கதானே எல்லாரும்?"

போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் எடுத்த எந்தக் காலுக்கும் பதில் இல்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தப்பையே இரைச்சல் என்று தூக்கிப் போட்ட மென்பொருள், போனுக்குள் இருந்து வந்த அம்மாவின் குரலை விட்டு வைக்குமா? ஒரு மனுசி புருசனைக் கூப்பிடுகிற சத்தம் என்று அதற்கு யார் சொல்லிக் கொடுப்பது?

மறுபடியும் அட்டனுக்கு ஓடினேன். "அண்ணே, தானா எதையும் செய்யாத ஒண்ணு வேணும்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எல்லாரும் தானா செய்றதுதான் கேப்பாங்க நங்கி." பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்.

பார்க்க லட்சணமே இல்லாத சாமான் அப்பா. படம் மேலே ஒரு கோடு, சத்தம் கீழே ஒரு கோடு. வெட்டலாம், ஒட்டலாம், சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவுதான். ஆனால் நம் கம்ப்யூட்டர் தாங்கியது. பெயரை எங்கேயும் குத்தவில்லை. நாம் சொல்லாத ஒன்றையும் அது செய்யாது. புதிதாய்ப் பழகுகிற யாராவது என்னைக் கேட்டால், இப்படி ஒன்றைத்தான் போடச் சொல்வேன்.

கொழும்பில் துணிக்கடை வேலையிலிருந்து காவேரி லீவில் வந்திருந்தாள். உங்கள் சின்ன மகள் இளைத்துப்போய்விட்டாள் அப்பா. ஒரே ஹெட்செட்டை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு அந்த இடத்தைத் தேடிப் பிடித்தோம். அத்தை போனை உங்கள் காதுக்குக் கொண்டு வருகிறது. சத்தத்தைக் கூட்டினேன். மழை, தப்பு, பொம்பளைகளின் ஒப்பாரி. அதற்குள்ளே மெலிசாய் அம்மாவின் குரல்.

"ஏங்க..."

ஒரே ஒரு தடவை. பிறகு ஒன்றுமே இல்லை. அத்தை போனை எடுத்துப் பார்க்கிறது. "அலோ, அண்ணி, அலோ" என்று உலுக்குகிறது. லைன் செத்துப்போனது அதற்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் போனைத் திரும்ப உங்கள் காதில் வைத்து, பெட்டியைத் தூக்குகிற வரைக்கும் பிடித்துக்கொண்டே இருக்கிறது.

காவேரிதான் ஆரம்பித்தாள். உங்களை எடுத்த அன்றைக்குச் சாயந்தரம் அம்மா எங்களுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். என்னைய விட்டுட்டுப் போக எப்படிங்க மனசு வந்துச்சு, அந்த மலைக்குப் போகாதீங்கன்னு சொன்னேன்ல, ஒங்க கையப் புடிக்கக்கூட எனக்குக் குடுத்து வைக்கலியே என்று நீளமாய் அழுத பதிவு.

"அக்கா, அதை எடுத்து இங்க போடு. யாருக்குத் தெரியப் போவுது? அம்மா ஒரு நாளாச்சும் நிம்மதியாத் தூங்கட்டும்."

போட்டேன் அப்பா. கீழே இன்னொரு கோடாய் அது அழகாகப் போய் உட்கார்ந்துகொண்டது. "ஏங்க" என்றதோடு ஒட்டி மற்றதெல்லாம் தொடர்ந்து வந்தது. அத்தையின் அலோவை மட்டும் வெட்ட வேண்டியிருந்தது. அதையும் வெட்டினேன். ஓட்டிப் பார்த்தோம். அம்மா பேசப் பேச நீங்கள் கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறீர்கள். காவேரி தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கே அது நிஜம் போலத்தான் இருந்தது.

இன்னும் ஒரு பொத்தான்தான் பாக்கி. என் கை போகவில்லை. அத்தையை நம்ப முடியாமல்தானே அம்மா என்னைக் கேட்டார்? நானும் இப்படிச் செய்தால் அந்த மனுசி அப்புறம் யாரைக் கேட்கும்? நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அத்தையின் அலோவைத் திரும்ப வைத்தேன். உங்கள் வீங்கின முகத்தையும் அப்படியே விட்டேன். "ஒனக்குக் கல்லு மனசுக்கா" என்று சொல்லிவிட்டுக் காவேரி எழுந்து போய்விட்டாள். நான் அனுப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவே எடுத்தார்.

"ஏங்கன்னு விழுந்துருக்குல்ல பாப்பா?"

"ஆமாம்மா."

"அதுக்கு மேல?"

"இல்லம்மா. அது மட்டுந்தான்."

திட்டுவார் என்று நினைத்தேன். "நான் என்னைக்கு அவர அதுக்கு மேல கூப்புட்டுருக்கேன்?" என்றார். "அடுப்படியில இருந்து ஏங்கன்னு சொன்னாப் போதும், எங்க நின்னாலும் திரும்பிப் பாத்துருவாரு." பிறகு குரல் உடைந்துவிட்டது. "இந்த ஒரு தடவதான் பாக்கல."

அதற்குப் பிறகு இருவரும் அழுதோம். மேடம் எழுந்துவிட்டது போல, சட்டென்று வைத்துவிட்டார்.

அப்பா, அந்த வீடியோவில் இனி ஒரு இணுக்கும் சேர்க்கமாட்டேன், ஒரு இணுக்கும் வெட்டமாட்டேன். அம்மா ஊர் வந்து இறங்குகிற அன்றைக்கு வீட்டுக்குக்கூடக் கூட்டி வராமல் நேரே உங்கள் குழிமேட்டுக்கு அழைத்து வருவேன். மிச்சத்தை அம்மாவே உங்களிடம் சொல்லட்டும். அப்போது யாரையும் அங்கே போனை எடுக்க விடமாட்டேன்.

இப்படிக்கு,
நீங்கள் வாயாடி என்று கூப்பிடுகிற உங்கள் மூத்த மகள்