எள்ளுவின் மருந்து ஏன் ஐந்தே நாளில் முடிந்தது

என் அன்புத் தங்கச்சி வதனிக்கு,

நான் பேசாமல் இருந்தது போதும். வருகிற கிழமையோடு நீ போய் ஒரு வருடம். அதில் பாதி வருடமாக ஒரு விடயத்தை வாய்க்குள் அடக்கிக்கொண்டு திரிகிறேன். உன்னிடம் முதலில் சொல்வது நீ மன்னித்துவிடுவாய் என்பதற்காக அல்ல. நீ ஏசுவாய் என்று தெரியும். வேறு யார் ஏசினாலும் திருப்பிச் சொல்ல என்னிடம் ஏதாவது இருக்கும். உனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

உன் கினிப்பன்றிகளில் கறுப்பு இப்போது இல்லை. எள்ளு போய்விட்டது. வெள்ளை இருக்கிறது. ஆனால் சீனி மூச்சு விடும்போது கிட்டப் போய்க் கேட்டால் ஒரு சின்னக் கீச்சுச் சத்தம் வருகிறது.

நீ அவை இரண்டையும் கூட்டோடு கொண்டுவந்து இறக்கிய நாளில் சின்னம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டது நினைவிருக்கிறதா? "எலியோ பண்டியோ எண்டு தெரியாத ஒண்டைச் சைவ வீட்டிலை ஏன்ரி வைச்சிருக்கிறாய்?" நீ சொன்னாய்: "ரெண்டும் இல்லைச் சின்னம்மா. உங்களைவிடச் சுத்த சைவம். நீங்களாவது முட்டை சாப்பிடுவியள்." பிறகு வெள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். "சீனியைத் தின்ன வேண்டாம் எண்டுதான் டொக்டர் சொன்னவர் அண்ணை. தூக்கி வைச்சிருக்க வேண்டாமெண்டு சொல்லேல்லை." நீரிழிவுக்காரியின் பகிடி. நான் சிரிக்கவில்லை. நான் எதற்குத்தான் சிரித்தேன்?

நீ எழுதி ஒட்டிய தாள் இன்னும் உன் குசினிக் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் கொய்யாப்பழத் துண்டு. முருங்கையிலை வேண்டாம், சலப்பையில் கல் பிடிக்கும். காலையில் தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இவை வருத்தத்தை, நோய் வந்ததை, ஒளிக்கும். நிறை குறைந்தால்தான் நமக்குத் தெரியும். இருபத்தைந்து வருடம் உயிரியல் படிப்பித்தவன் நான். உன் தாளில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

குகனோடு நான் கதைப்பதில்லை என்பது உனக்குத் தெரியாததல்ல. ஏன் என்று நீ பலதடவை கேட்டாய். இப்போது சொல்கிறேன். உன் கலியாணத்துக்கு என்னை ஒரு சொல் கேட்காமல் அப்பா நாள் வைத்தார். அப்பாவிடம் காட்ட முடியாத கோபத்தை உன் புருசனிடம் காட்டினேன். அது அப்படியே நின்றுவிட்டது. ஓ.எல். சோதனை தாண்டாத வெங்காயத் தோட்டக்காரன் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் பள்ளிக்கூட அதிபர்களான கோபத்தையும் அவன் மேலேயே போட்டேன். ஒரே வளவு, நடுவில் ஒரு வேலி, அதில் நீ போக வர வைத்திருந்த ஒரு பொட்டு, ஒரு ஆள் நுழையும் இடைவெளி. நீ போன பிறகு அந்தப் பொட்டுக்குள்ளால் நான் மட்டும்தான் போய்வந்தேன், அதுவும் அவன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து.

நீ போய் ஆறாவது மாதம் எள்ளுவுக்குத் தடிமன் பிடித்தது. மூக்கோரம் காய்ந்து ஒட்டியிருந்தது, தும்மியது. குகன் ஒரு காட்போட் பெட்டியில் புல்லைப் பரப்பி அதை வைத்து, மோட்டார் சைக்கிளில் சாவகச்சேரிக்குக் கொண்டுபோய் ஒரு மிருக வைத்தியரிடம் காட்டினான். கபில நிறப் போத்தலில் ஒரு கைப்பான மருந்து கொடுத்திருந்தார். காலையும் மாலையும், பத்து நாள். அவனிடம் கேட்டு அறியவில்லை. அவன் தோட்டத்துக்குப் போன பிறகு விறாந்தை யன்னலில் இருந்த போத்தலைத் தூக்கி நானே வாசித்தேன்.

பக்கத்தில் சிறிஞ்ச் கிடந்தது. காய்ந்து, பளபளவென்று. மருந்தின் ஒரு கறைகூட இல்லை. பார், தொட்டே பார்க்கவில்லை என்று நினைத்தேன். அவன் ஒவ்வொரு தடவையும் அதைச் சுடுதண்ணீரில் கழுவித் துடைத்து வைப்பான் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. ஒரு ஆளைப் பற்றி முடிவெடுத்துவிட்டால் சுத்தமும் குற்றமாகத்தான் தெரியும் போல.

பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இருந்து ஒரு சிறிஞ்ச் எடுத்துவந்தேன். காலை ஏழு மணிக்கு, பள்ளிக்கூடம் போக முன்னர் நான் கொடுப்பேன். பின்னேரம் நாலு மணிக்கு வந்து கொடுப்பேன். அவன் ஐந்தரைக்கே கொடுத்துவிட்டுத் தண்ணீர் இறைக்கப் போயிருக்கிறான். தோட்டத்தால் வந்து, குளித்து, உன் படத்துக்கு விளக்கு வைத்துவிட்டு மறுபடி கொடுத்திருக்கிறான். இரண்டு பேரும் உண்மையாகத்தான் கொடுத்தோம். அந்தச் சின்ன உடம்புக்கு ஒரு நாளில் நாலு தடவை.

மூன்றாம் நாள் எள்ளு கொய்யாப்பழத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. நாலாம் நாள் கழிச்சல். ஐந்தாம் நாள் மூலையில் மயிரைச் சிலிர்த்துக்கொண்டு குந்தியிருந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நல்லகாலம், நானாவது மருந்து கொடுக்கிறேன் என்று நினைத்தேன்.

போத்தல் குறைவதைப் பார்க்கவில்லையா என்று கேட்பாய். ஐந்தாம் நாள் பின்னேரம் பார்த்தேன். ஒரு துளியும் இல்லை. அவன் தட்டிக் கொட்டிவிட்டான் என்று அதற்கும் ஒரு முடிவு கட்டினேன்.

அடுத்தநாள் உன் ஆறாம் மாசியம், ஆறு மாத நினைவுப் படையல். விடியற்காலையில் எள்ளு செத்துக் கிடந்ததாம். குகன் அதைப் பின்வளவில் கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டு, குளித்துவிட்டு வந்துதான் உனக்குப் படைத்தான். பந்தியில் சொந்தக்காரர் எல்லாம் இருந்தார்கள். சின்னம்மாதான் கதையைத் தொடங்கினா.

"என்ன குகன், உந்தக் கறுப்பு செத்துப்போச்சாம், மெய்யே?"

அவன் வாய் திறக்க முன்னர் நான் சொன்னேன். எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னேன்.

"சாகாமல் என்ன செய்யும் சின்னம்மா? மருந்து ஒழுங்காக் குடுத்தால்தானே. வதனியை எப்பிடிப் பாத்தவரோ, அப்பிடித்தான் உதையும் பாத்திருக்கிறார்."

 குகன் பாயச வாளியோடு என் இலைக்கு முன்னால் நின்றான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"குடுக்காமல் விடேல்லை மச்சான். கூடக் குடுத்திட்டன் போலை. பத்து நாளைக்கு உள்ள போத்தல், அஞ்சு நாளிலை முடிஞ்சு போச்சு. எனக்குக் கண்ணாடி இல்லாமல் உந்தச் சின்னக் கோடெல்லாம் தெரியிறேல்லை. காலமை டொக்டரம்மாவுக்குப் போன் எடுத்தனான். மருந்து கூடினால் குடலிலை இருக்கிற நல்ல கிருமியும் செத்துப்போமாம். பிறகு தின்னாதாம். உதுகள் ஒரு நாள் தின்னாட்டியே குடல் நிண்டுபோமாம்." வாளிக்குள் கரண்டியை விட்டுக் கலக்கினான். "என்ரை கைப்பிழைதான்."

பத்தை இரண்டால் பிரித்தால் ஐந்து. எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

"பாயசம் விடட்டோ மச்சான்?" என்று கேட்டான்.

"ஓம்" என்றேன். அன்று நான் அவனோடு பேசிய உண்மையான சொல் அது ஒன்றுதான். எத்தனை வருடத்துக்குப் பிறகு! அதையும் பாயசத்துக்குச் சொன்னேன்.

பிறகு ஒரு நாள் யாருக்கும் சொல்லாமல் சாவகச்சேரிக்கு பஸ் ஏறினேன். அந்த வைத்தியர் இளம் பெண். இரண்டு மடங்கு மருந்துதான் கொன்றதா என்று கேட்டேன். "நிச்சயமாச் சொல்ல ஏலாது சேர். வருத்தமும் கடுமைதான். மருந்து அளவாக் குடுத்தாலும் உதுகளுக்குப் பசி குறையும். சாப்பாட்டைக் கரைச்சுச் சிறிஞ்சாலை தீத்தியிருந்தால், நல்ல கிருமி சேர்த்திருந்தால் தப்பியிருக்கவும் கூடும்" என்றா. தப்பியிருக்கவும் கூடும். அந்தச் சொல்லோடு திரும்பி வந்தேன். வந்தும் சொல்லவில்லை. அவன் கண்ணாடி வாங்கினான். பார்த்துக்கொண்டிருந்தேன். எள்ளுவைத் தாட்ட இடத்தில் ஒரு கொய்யாக் கன்று வைத்தான். அதையும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. நீரிழிவுக் குளிசை போட்டால் சோறு இரும்பு மாதிரி ருசிக்கிறது, அதனால் சில நாள் போடாமல் விடுகிறேன் என்று நீ என்னிடம் சொன்னாய். "அவருக்குச் சொல்லிப்போடாதையுங்கோ அண்ணை, பாவம், பயந்து சாவார்" என்றாய். நான் சொல்லவில்லை. நீ நம்பிச் சொன்னதைக் காத்தேன் என்று பெருமையாகக்கூட இருந்தது. உன் செத்தவீட்டில் அதே வாயால், அவன் உனக்கு மருந்து ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்று அழுதேன். ஏன் அதை அவனிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னாய் வதனி? நான் டொக்டரிடம் கூட்டிப்போய் வேறு குளிசை கேட்பேன் என்று நினைத்தாயா? அப்படிக் கேட்டிருக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றவேயில்லை.

இப்போது சீனி. நாலு நாளாகத் தும்மல். குகன் முந்தநாள் அதே வைத்தியரிடம் கொண்டுபோய்விட்டு வந்தான். புதுப் போத்தல் யன்னலில் இருக்கிறது. நேற்றுக் காலை பார்த்தேன், மூடி உடைக்கவில்லை. பின்னேரமும் உடைக்கவில்லை. வேலிக்கு இங்கால் நின்று கூப்பிட்டேன்.

"மருந்து குடுத்தனீரோ?"

"இல்லை மச்சான்."

"ஏன்?"

"எனக்கு ஏலாது. சிறிஞ்சைத் தூக்கினால் எள்ளுதான் ஞாபகம் வருது. ஒண்டை என்ரை கையாலை அனுப்பிப் போட்டன். இது தன்ரை பாட்டிலை போறதெண்டால் போகட்டும். அவள் வளர்த்தது, ரெண்டையும் நானே கொண்டன் எண்டு இருக்க வேண்டாம்."

"விசர்க்கதை கதையாதையும்" என்றேன்.   அவன் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான்.

இன்று காலை நானே மூடியை உடைத்துக் கொடுக்கப் பார்த்தேன். சீனி என் கையில் நிற்கவில்லை. உன்னிடமும் அவனிடமும் மட்டும்தான் அது அடங்கும். உதறி, பல்லை இறுக்கி, மருந்தெல்லாம் என் சட்டையில். தராசில் வைத்தேன். நேற்றையதிலும் குறைவு. உணவைக் கரைத்து சில மணிக்கு ஒருதடவை தீத்த வேண்டும், மருந்துக்குப் பிறகு இடைவெளி விட்டு நல்ல கிருமித் தூள் கொடுக்க வேண்டும், அது தின்கிறதா என்று பகல் முழுக்கப் பார்க்க வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன். இதைச் செய்யக்கூடிய கை அவனுடையது. அந்தக் கையைத்தான் நான் பேசாமல் இருந்து முடக்கி வைத்திருக்கிறேன்.

இன்று சனிக்கிழமை. அவன் வெங்காயம் கொடுக்க அச்சுவேலிச் சந்தைக்குப் போயிருக்கிறான். இரண்டு மணிக்குள் வந்துவிடுவான். அவன் வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தியவுடன் போய்ச் சொல்லப் போகிறேன். உமது அளவு சரியாகத்தான் இருந்தது, மிச்சப் பாதியை ஊற்றினது நான், என்று சொல்வேன். குளிசைக் கதையையும் சொல்வேன். அதற்கு நீ கோபித்தால் கோபி. அவன் என்னை அடித்தாலும் நின்று வாங்குவேன். ஆனால் அதற்கு முன்னர் சீனியைப் பிடித்துத் தரச் சொல்வேன். அவன் பிடிக்கட்டும், நான் கோட்டைப் பார்த்து அளக்கிறேன். இனி ஒவ்வொரு தடவையும், கொடுத்தாயிற்று என்று ஒருவருக்கொருவர் வாய்திறந்து சொல்லித்தான் போத்தலை மூடுவோம். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

அவனைக் குற்றம் சொன்னபோது ஒரு பந்தியே கேட்டது. திருத்தமும் அவர்களுக்குக் கேட்க வேண்டும். அதனால் இந்தக் கடிதத்தை உன் ஆண்டுத் திவசத்துக்கு முன்னர் வரக்கூடியதாகப் பேப்பரின் நினைவஞ்சலிப் பக்கத்துக்குத் தபாலில் போடுகிறேன். கீழே என் பெயரை இரண்டு தடவை எழுதினேன், இரண்டு தடவையும் வெட்டிவிட்டேன். குகனுக்கு முன்னால் நிற்கும்போது முகத்தை மறைக்க வழியில்லை, அங்கே மறைக்கவும் மாட்டேன். ஆனால் சின்னம்மாவும் மற்றவர்களும் என் பெயரை வாசித்து, ஆறு மாதத்துக்குப் பிறகு இவனுக்கு ஞானம் வந்திருக்கிறது என்று சிரிப்பதை என்னால் இன்னும் தாங்க முடியாது. நான் அவ்வளவுக்குத் திருந்திவிடவில்லை, வதனி. உன் பெயரையும் அவன் பெயரையும் பார்த்து ஊர் கண்டுபிடிக்கும். கண்டுபிடிக்கட்டும். பெயர் போடாமல்தான் அனுப்புகிறேன்.

உன் அண்ணை