கடைசி ஆள் வரும் வரைக்கும்

என் தங்க மச்சாள் தவமணிக்கு,

இன்று வருசப்பிறப்பு. உன் வீட்டிலும் என் வீட்டிலும் பலகாரச் சட்டி அடுப்பில் ஏறவில்லை, புதுச்சேலை பிரிக்கவில்லை. உன் ஆண்டுத் திவசம் முடியும்வரை அப்படித்தானே வழக்கம்? ஆனால் ஓட்டம் நடந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஒரு கதையைப் பாதியில் விட்டுவிட்டு எழும்பினால் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கிறவள் நீ. முழுக்கச் சொல்லாவிட்டால் என்னைச் சும்மா விடமாட்டாய்.

நம்மைத் தெரியாத நாலு பேரும் இதைப் படிக்கட்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நாம் இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்குப் பலகையில் இருந்தவர்கள். பிறகு நீ என் அண்ணனைக் கட்டினாய், அவர் எங்கள் பக்கத்து முறைப்படி உன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கடலும் வாவியும் இரண்டு பக்கமும் நெருக்கி நிற்கிற ஊர் நம்முடையது. ஆரையம்பதியைத் தாண்டி வருகிறவர்கள் நடுவில் போகும் பெரிய ரோட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அண்ணன் கடலுக்குப் போனார், நீ இரண்டு பிள்ளைகளைப் பெற்றாய். பள்ளிக்கூடத்தில் ஓட்டம் என்றால் நான்தான் முதல். நீ கடைசி. மாஸ்டர் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டபிறகுதான் வந்து சேருவாய், அதுவும் சிரித்துக்கொண்டு. அப்படிப்பட்ட நீ ஒரு ஊரையே ஓட வைப்பாய் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேனா?

சுனாமி வந்த அன்று நீ மூத்தவள் கிருஷாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாய். சின்னவள் உன் அம்மாவோடு பின்னால் வருகிறாள் என்று நினைத்தாய். வாவிக்கரையில் வந்து திரும்பிப் பார்த்தபோது பின்னால் இரண்டு பேரும் இல்லை. இதற்குமேல் அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. நீயும் பேசியதில்லை.

அடுத்து வந்த வருசப்பிறப்பில் நாம் பள்ளிக்கூட முகாமில் இருந்தோம். இந்த முறை வருசம் கொண்டாடுவதில்லை என்று பெரியவர்கள் கூடி முடிவெடுத்தார்கள். சாவு விழாத வீடே இல்லாத ஊரில் யார் கொண்டாடுவது? எல்லாரும் தலையாட்டினார்கள். ஊருக்கு ஒரு வழி என்றால் உனக்கு ஒரு வழி. நீ மட்டும் எழும்பி நின்றாய்.

"எல்லா வீட்டிலயும் துக்கம் எண்டா ஆருக்கு ஆர் துக்கம் காக்கிறது? பலகாரம் வேணாம், புதுச்சட்டை வேணாம், போர்த்தேங்காய்ப் போட்டி வேணாம். காலமைக்கு எழும்பி எல்லாரும் ஓடுவம். சும்மா குந்தியிருந்தா இந்தச் சனம் குந்தின இடத்திலயே செத்திரும்."

கோயில் தலைவர் உன்னை ஏற இறங்கப் பார்த்தார். ஓடுவது கொண்டாட்டமா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. எந்தச் சாத்திரத்திலும் அது எழுதியிருக்கவில்லை போலும். அதனால் தடுக்கவும் இல்லை.

அப்போதுதான் நாம் அந்தப் பெரிய பிழையை விட்டோம். முன்பெல்லாம் வருச விளையாட்டில் பொடியன்களின் மரதன் ஓட்டம் கடற்கரையில்தான் தொடங்கும். அந்தப் பழக்கத்தில் நாமும் விடியற்காலையில் கொஞ்சப் பேராகக் கடற்கரைக்குப் போய், விசில் ஊதி, ஊரை நோக்கி ஓடத் தொடங்கினோம். கடல் பக்கமிருந்து ஒரு கூட்டம் ஓடி வந்தால் பார்க்கிற சனம் என்ன நினைக்கும் என்று ஒருவருக்காவது தோன்றியதா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். முகாம் வாசலில் நின்ற ஒருத்தி எங்களைக் கண்டதும் "கடல் வருகுதுடோய்!" என்று கத்தினாள்.

அவ்வளவுதான். முழு முகாமும் எழும்பி ஓடியது. கைப்பிள்ளைக்காரிகள், கிழவர்கள், வாயில் பிரஷோடு பொடியன்கள், எல்லாரும். காத்தான்குடியிலிருந்து சீத்தைத் துணி விற்க வந்த முஸ்லிம் நானா துணிக்கட்டைத் தலையில் வைத்தபடியே ஓடினார். நாம் "இல்ல, இல்ல, நில்லுங்க!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓட, அதைப் பார்த்து அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள். வாவிக்கரையில் தோணிக்குள் பாய்ந்தவர்களும் உண்டு. கோயில் தலைவர் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு உன்னைக் கேட்டாரே, "ஏன் புள்ள, கடல் கொல்லாம விட்ட எங்கள நீ கொல்லப் பாக்கிறியா?"

நீ கரையில் பொத்தென்று குந்திச் சிரித்தாய். சிரித்துச் சிரித்து அழுதாய். நானாதான் அடுத்துச் சிரித்தார். பிறகு தண்ணீருக்குள் நின்ற தலைவரும் சிரிக்க, ஊரே சிரித்தது. அலை வந்தபிறகு ஊர் சிரித்ததை நான் கேட்டது அன்றுதான்.

வேறொருத்தியாக இருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். நீ முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாய். "சரி, ஊர் முழுக்க இஞ்சதானே நிக்கிது. எல்லாரும் கிறுகித் திரும்புங்க. கடல் பக்கம் ஓடுவம்" என்றாய். யாரும் அசையவில்லை. "அதிட்ட இருந்து ஓடினது காணும்கா. இனி நாம அத நோக்கி ஓடுவம். என்ன செய்யுமெண்டு பாப்பம்."

கடலின் முகத்தில் விழிக்கமாட்டோம் என்றிருந்த சனம் அன்று ஈரச் சேலையோடும் சாரத்தோடும் உன் பேச்சைக் கேட்டுத் திரும்பியது. ஓட்டம் பாதி, நடை பாதி. எல்லாரும் கடற்கரைக்கு வந்து ஒரு வரிசையாக நின்றோம். கடல் அமைதியாகக் கிடந்தது.

நான் பழைய புத்தியில் முன்னால் ஓடினேன். திரும்பிப் பார்த்த நேரமெல்லாம் நீ எல்லாருக்கும் பின்னால் வந்துகொண்டிருந்தாய். "பள்ளிக்கூடத்துப் பழக்கம் இன்னும் விடல்ல என்ன?" என்று பகிடி பண்ணினேன். நீ பகிடியாகப் பதில் சொல்லவில்லை.

"முன்னுக்கு ஓடினா பின்னுக்கு வாற ஆக்களத் தெரியாது விமலா."

அதற்குப் பிறகு நான் அதை வைத்துப் பகிடி பண்ணவே இல்லை. அடுத்த வருசத்தில் இருந்து அதையே நீ சட்டமாக்கினாய். முதலாவதாக வருகிறவருக்குப் பரிசு கிடையாது. கடைசி ஆள் வந்து கடல் தண்ணீரில் கால் வைக்கும்வரை ஓட்டம் முடியாது, பாற்சோற்றுப் பானை திறக்கப்படாது, ஒருவரும் வீட்டுக்குப் போகக் கூடாது. அந்தக் கடைசி ஆள் எப்போதும் நீதான்.

உன் துணிச்சலை நினைத்தால் இப்போதும் எனக்கு வியப்பாக இருக்கிறது. அது ஓடுகிறவனைச் சுடுகிற காலம். ஆமிச் சென்றிக் காவல் கண்ணில் பட்டால் மெதுவாக நட என்று தாய்மார் பொடியன்களுக்குச் சொல்லி வளர்த்த காலம். நீ கடற்கரை ஆமிக் காம்புக்குத் தனியே போய் அனுமதி கேட்டாய். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "ஏன் ஓடுறது? எங்க ஓடுறது?" என்று அந்தச் சிங்கள ஓபீசர் உடைந்த தமிழில் கேட்டார்.

"வருசத்துக்கு ஓடுறம் ஐயா. உங்கட ஊரிலயும் வருசத்துக்கு ஓடுவாங்கதானே?"

"ஓம், அங்கயும் ஓடுறது. என்ட தம்பி ஓடுறது" என்றார். வெடியும் விசிலும் கூடாது என்று சொல்லி அனுப்பினார். நீ ஒரு பழைய அலுமினியச் சட்டியைத் தட்டி ஓட்டத்தைத் தொடக்கினாய்.

படுவான்கரையில் சண்டை மூண்டு சனம் வாவியைக் கடந்து வந்து நம் பள்ளிக்கூடத்தில் நிறைந்த வருசம் கடற்கரைக்குப் போக விடவில்லை. விட்டாயா நீ? மைதானத்தையே சுற்றிச் சுற்றி ஓட வைத்தாய். வந்த பெண்களில் ஒருத்தி, "ஓடி ஓடித்தானே இஞ்ச வந்த நாங்க, மறுகாவும் ஓடச் சொல்றியேகா" என்றாள். "அது ஆரோ துரத்தி ஓடின ஓட்டம். இது நாமளா ஓடுற ஓட்டம்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய்.

போன வருசம் வடக்கே வன்னிச் சண்டையில் சனம் செத்துக்கொண்டிருந்தபோது சட்டி தட்ட வேண்டாம், பேசாமல் ஓடுவோம் என்றாய். அங்கே ஓடுகிற சனத்தை நினைத்துக்கொண்டு ஓடச் சொன்னாய். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்ட ஓட்டம் அது. நீ அடிக்கடி நின்று நெஞ்சைப் பிடித்தாய். களைப்பு என்று நினைத்தேன். நெஞ்சுக்குள் கட்டி வந்து ஏற்கெனவே முற்றியிருந்தது என்று கொழும்பு ஆஸ்பத்திரியில் பிறகு சொன்னார்கள். யுத்தம் முடிந்த செய்தி வந்தபோது நீ பாயில் கிடந்தாய். "இனியாவது பொடியன்கள் ரோட்டில ஓடலாம்" என்றாய். அதைப் பார்க்க நீ இருந்திருக்கக் கூடாதா?

இந்த வருசம் கடற்கரை ரோட்டுத் தடைகளையெல்லாம் எடுத்துவிட்டார்கள். ஆனால் விளையாட்டுக் கழகத்துப் பொடியன்கள் தயங்கிக்கொண்டு வந்து, "தவமணியக்காட வீட்டில துக்கம், அண்ணன் சொன்னாத்தான் ஓட்டம்" என்றார்கள். அண்ணன் ஒரே சொல்லில் வேண்டாம் என்றார். துக்க வீட்டு வழக்கத்தைக் காட்டினார். அவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்கள். ஒரு வருசம் விட்டால் அடுத்த வருசமும் விடுவார்கள். நீ உண்டாக்கியது உன்னோடேயே போய்விடும். முகாமில் நீ கேட்ட கேள்வியை அப்படியே அண்ணனிடம் கேட்டுச் சண்டை பிடித்தேன். அவர் திருப்பிக் கேட்டார்:

"எல்லாம் சரி. கடைசியா ஆர் வாறது?"

வழக்கம் எல்லாம் வெறும் சாட்டு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் வாறன் என்றேன். வாய்விட்டேனே தவிர, உன் இடத்தில் நிற்க எனக்குத் தகுதி இருக்கிறதா என்று பயமாகத்தான் இருந்தது.

காலையில் வாவிக்கரையில் கிருஷாதான் சட்டியைத் தட்டினாள். இவ்வளவு சனம் எந்த வருசமும் வந்ததில்லை. துணிக்கார நானா தன் பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். எல்லாரையும் முன்னால் விட்டுவிட்டு நான் பின்னால் ஓடினேன். பெரிய ரோட்டைத் தாண்டியதும் முதுகுப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பினால் அண்ணன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தார்.

"நீ போ. பின்னுக்கு நான் வாறன்" என்றார்.

உனக்குத் தெரியும், அலை வந்தபிறகு அவர் வாவியில்தான் வலை போட்டார். நீ எத்தனை முறை கெஞ்சியும், ஊரே திரும்பி ஓடிய அந்த முதல் நாளில்கூட, கடற்கரைப் பக்கம் காலெடுத்து வைத்ததில்லை. சவுக்கந்தோப்பு வரைக்கும் வந்தார். அங்கே அலைச்சத்தம் கேட்டதும் ஒரு மரத்தடியில் குந்திவிட்டார். "இதுக்குமேல ஏலாது. நீங்க முடியுங்க" என்றார்.

நான் கரைக்குப் போய்ச் சொன்னேன். எப்படி முடிப்பது? கடைசி ஆள் இன்னும் வரவில்லையே. ஒருவரும் அசையவில்லை. வெயில் ஏறியது. பிள்ளைகள் பசியில் சிணுங்கின. பாற்சோறு பானையில் ஆறியது. பொடியன்கள் போய்ப் பார்க்கவா என்றார்கள், கிருஷா வேண்டாம் என்றாள். முழு ஊரும் மணலில் குந்திச் சவுக்கந்தோப்பையே பார்த்துக்கொண்டிருந்தது. அவரும் அங்கிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ போட்ட சட்டத்தில் உன் புருசனே வசமாக மாட்டிக்கொண்டார், மச்சாள். எழும்பி வீட்டுக்குப் போகவும் முடியாது, ஊர் பட்டினி கிடக்கும்.

கடைசியில் எழும்பினார். வாய்க்குள் ஏசிக்கொண்டே வந்தார். உன்னைத்தான் ஏசியிருப்பார். மணலில் கால் வைத்ததும் நின்றார். ஒருவரும் வா என்று கூப்பிடவில்லை, கை தட்டவில்லை, வழி மட்டும் விட்டார்கள். அவர் எங்களைத் தாண்டிப் போய்த் தண்ணீருக்குள் இறங்கினார். குனிந்து இரண்டு கையாலும் அள்ளி முகத்தைக் கழுவினார். பிறகு சின்னவளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதன்பிறகு உன்னுடையதை.

நான் விம்மி விம்மி அழுதேன். வெட்கமாக இல்லை, அங்கே அழாதவர் யார்?

கொஞ்ச நேரம் கழித்து அவர் எங்கள் பக்கம் திரும்பினார். "ஓட்டம் முடிஞ்சிதுதானே? இனி எல்லாரும் வீட்ட போங்க" என்றார். ஆனால் அவர் போகவில்லை. நாங்களும் போகவில்லை.

அடுத்த வருசமும் ஓடுவோம் மச்சாள். அதற்கடுத்த வருசமும். யார் பின்தங்கினாலும், எங்கே குந்தினாலும், எவ்வளவு நேரம் சென்றாலும் காத்திருப்போம். ஒருவரையும் விட்டுவிட்டுப் போகமாட்டோம். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன் அவருக்குத் தங்கச்சி, உன் பிள்ளைக்கு மாமி,
என்றும் உன் மச்சாள்
விமலா