ஒரு கமாவையும் முழுங்காத பெட்டி

1986 மார்ச் 9, ஞாயிறு, காலை 10.20. கொழும்பிலிருந்து பதினோராவது கடிதம்.

அப்பாவுக்குக் கும்பிட்டு எழுதுவது. நான் நல்ல சுகம். உங்கள் கண் எப்படி என்று கேட்கப்போனால் கோபம்தான் வருகிறது.

பெப்ரவரி 20 பதுளை ஆஸ்பத்திரியில் உங்களுக்குக் கண் ஆபரேஷன், அக்கா லீவு போட்டுக் கூட்டிப்போகட்டும் என்று போன கடிதத்தில் எழுதினேன். தோட்ட ஆபீசுக்கு வரும் கடிதங்களை வாசித்துச் சொல்லும் கணக்கப்பிள்ளை, “மகன் சௌக்கியமாம் பெருசு, அவ்வளவுதான்” என்று மடித்துக் கொடுத்தாராம். வேலைக்கு ஆள் எண்ணும் காலைப் பெரட்டில் அக்கா குறையக் கூடாதே. லத்தீப் நானா தன் கடையில் அதை உங்களுக்கு முழுசாக வாசித்துக்காட்டியபோது நாள் போய்விட்டது.

இங்கே கண் தெரியாத வக்கீல் ஒருவரின் கம்ப்யூட்டருக்கு ஒரு பேசும் பெட்டி மாட்டினேன். திரையில் இருப்பதை இங்கிலீஷில் வாசிக்கும். உங்கள் பெயரை அடித்தேன். மாடசாமியை ‘மடசாமி’ என்றது. வக்கீல் சிரித்தார். “உச்சரிப்பு மோசந்தான் தம்பி. ஆனா ஒரு கமாவைக்கூட முழுங்காது. என் கிளாக்கர் வாசிச்சா பக்கம் பக்கமா முழுங்குவான்.”

அறையில் என்னோடு பேச ஆளில்லை. நீங்கள் திட்டினாலும் அதே வார்த்தையில் நானாவைப் பதில் எழுதச் சொல்லுங்கள்.

மகன் பரமசிவம்

இதை வாசிக்கும் கணக்கப்பிள்ளை ஐயா, இனி நான் செய்யப்போவது இது. உரக்க வாசியுங்கள்:

1. ஏப்ரல் 2 பூனாகலைத் தோட்டத்துக்கு வருவேன்.
2. மறுநாள் அப்பாவுக்கு ஆபரேஷன், பதுளையில் புது நாள் வாங்கிவிட்டேன், நானே கூட்டிப்போவேன்.
3. கண்கட்டு அவிழ்த்ததும் அப்பாவை உங்கள் ஆபீசுக்கு அழைத்து வருவேன். அவர் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, இந்தக் கடிதத்தை நீங்கள் முழுசாக வாசிக்க வேண்டும்.