வெள்ளிக் கம்பிக்குப் பதிலாக

அன்புள்ள ப்ரோனியா,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? வண்டிவீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிகிறதா?

இங்கே பாரிஸில் மதுக்கடை முதலாளி என் கிட்டாரில் காந்த மைக் பொருத்தினார். இரும்புக் கம்பியின் ஓசையைத்தான் அது பிடிக்குமாம்; நம் வெள்ளிக் கம்பியின் ஓசையைச் சரியாக வாங்கவில்லை. “என்ன மந்தினோ, கொசு பாடுதா? எலெக்ட்ரிக் கிட்டார் கம்பிய மாட்டுய்யா!” என்றார். தடித்த எஃகுக் கம்பியாகப் பார்த்து மாட்டினேன். அதன் இழுப்பில் கிட்டாரின் முகப்புப் பலகை முனகியது.

“பலகை கத்துதுண்ணே, கழட்டிடு,” என்றான் தம்பி மிஷ்லோ. நான் கேட்கவில்லை. நேற்று மதியம் சுருதி கூட்டும்போது கம்பி அறுந்து கண்ணில் பட்டது. சின்னக் கீறல்தான். இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டிருப்பதால் நான் சொல்ல மிஷ்லோ எழுதுகிறான்.

பழைய வெள்ளிக் கம்பிகளை அனுப்பு. நான் கேட்டிருந்த பிள்ளைகளின் படம் இப்போது வேண்டாம். வைத்தியர் கூப்பிடுகிறார்.

உன் மந்தினோ

அண்ணி, உடனே கிளம்பி வாங்க. இந்த வரிய அண்ணனுக்குப் படிச்சுக் காட்டல.
மிஷ்லோ