குழியில் கிடந்த மண்வெட்டி

கலிஃபோர்னியா மலை முகாம், 1853

மதிப்புக்குரிய என் வீட்டுக்காரர் அன்செல்மோவுக்கு, பெத்ரொனிலா எழுதுவது.

நம் பேத்தி ரொசெந்தா சுடும் ரொட்டிக்கு முகாமே வரிசையில் நிற்கிறது. பெரிய பேரன் லாசரோ அமெரிக்கர் பேச்சை ஆறே மாதத்தில் கற்றுவிட்டான். சின்னவன் ஃபெர்மீன் தனி ஆளாகத் தோண்டிய குழியில் பொன் தென்பட்டது. உங்கள் முழங்கால் வலி தேவலையா?

பயப்படும்படி ஒன்றுமில்லை. ஃபெர்மீன் காய்ச்சலில் படுத்திருந்தபோது, அவன் மண்வெட்டி குழியிலேயே மழையில் துருப்பிடித்துக் கிடந்தது. எடுத்து வந்து தேய்த்துக் கழுவி, கூடாரத்தில் மாட்டினேன். மறுநாள் போனால் மெக்சிகோக்காரன் ஒருவன் உள்ளே தோண்டிக்கொண்டிருக்கிறான்.

“டேய், அது என் பேரன் குழிடா!”

“கருவி கிடந்தாத்தான் குழிக்குச் சொந்தக்காரன் உண்டு, பாட்டி. இங்க ஒண்ணும் கிடக்கலையே.”

முகாம் கூடிப் பேசியது. வழக்கம் அதுதான் என்று அவனுக்கே கொடுத்துவிட்டார்கள்.

ஃபெர்மீன் கோபப்படவில்லை. “மண்வெட்டி பளபளன்னு இருக்கு பாட்டி, புதுக் குழிக்கு ஆகும்” என்று சொல்லிப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். திட்டியிருந்தால் தேவலை.

அந்தக் குழியை நம்பித்தான் இந்த வருடம் ஊருக்குக் கப்பலேற இருந்தோம். இனி அடுத்த வருடம்தான். வறுத்த கோதுமை மாவும் காய்ந்த மிளகாயும் அனுப்புங்கள்; இங்கே எதுவும் வாய்க்குப் பிடிக்கவில்லை. இடுப்பு விட்டுப்போகிறது, தபால்காரரும் குதிரையில் ஏறிவிட்டார். நான் கொண்டுவந்த உங்கள் படத்தில் கடல் தண்ணீர் பட்டு, தொப்பி மட்டும்தான் மிச்சம். முகம் தெரிகிற மாதிரி புதிதாக ஒன்று எடுத்துத் தபாலில் போடுங்கள்.