வரைபடத்தில் இல்லாத ஆறு

6-8-1979, திங்கள்

என் அருமை மகளுக்கு,

அப்பா எழுதுவது. உன் கடிதம் இன்று கிடைத்தது. வழக்கம்போலத் தேதி இல்லை. முத்திரையைப் பூதக்கண்ணாடியில் பார்த்து ஜூலை 28 என்று கண்டேன். ஒன்பது நாள்! பனிமலையடியிலிருந்து உப்பளக்கரைவரை மூன்று ஆறுகளையும் ஒரு பாலையையும் தாண்டி வருவதால் தபால்காரரைக் குறை சொல்வதற்கில்லை.

அங்கே மழையே இல்லாமல் கிணற்றுநீர் கைக்கெட்டும் உயரத்துக்கு ஏறியிருப்பதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். உன் வீடு ரயில் பாதைக்குக் கிழக்கா, மேற்கா? உடனே எழுது. தேதியுடன்.

அப்பா

*

அன்புள்ள அப்பா,

கிழக்குதான். ஆலை வேலைக்கு நாடெங்கிலுமிருந்து வந்த நாற்பத்தொரு குடும்பங்கள். ஒரே தெருவில் ஆறு மொழி. சண்டை மட்டும் எல்லோருக்கும் புரிகிறது! நீங்கள் வரைந்த தேசப்படத்தை வகுப்பில் மாட்டியிருக்கிறேன். எங்கள் இடம் அதில் வெறும் பழுப்புச் சமவெளி. ஆனால் ஆடு மேய்க்கிற கிழவர் தினமும் வம்புக்கு இழுக்கிறார்: "ஏம்மா டீச்சரு, தூங்குற ஆத்து மேல பாய விரிச்சிருக்கியே, அது புரண்டு படுத்தா என்ன பண்ணுவ?"

கிணறு இப்போது வழிகிறது. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

உங்கள் மகள்
(தேதியா? நாள்காட்டி அடுப்படியில் இருக்கிறது. எழுந்திருக்கச் சோம்பல்.)

*

25-8-1979, சனி

மகளே,

மேற்கே மேட்டுக்குப் போய்விடு. காலையிலேயே தந்தி அடித்துவிட்டேன். குமாஸ்தாவின் முன்னால் காரணத்தை எழுதக் கை கூசியது; இதில் எழுதுகிறேன்.

1941 மார்ச் 9 முதல் 25 வரை அந்தப் பகுதியை அளந்தேன். ஒரு மேய்ப்பன் வந்து, "இங்க ஆறு வரும் சாமி" என்றான். எந்த வருடம் என்று கேட்டேன். "என் மூத்தவன் தவழ்ந்தப்போ" என்றான். தேதி சொல்லத் தெரியாதவன் பேச்சைக் குறிப்பேட்டில் ஏற்றுவதில்லை என்று துரத்திவிட்டு, நாற்காலியில் அமர்ந்தபடியே பழுப்பு வண்ணம் தீட்டினேன்.

வடக்கே மலையில் பன்னிரண்டு நாளாக மழை. இக்கடிதத்தை எல்லோருக்கும் படித்துக் காட்டு.

அப்பா

*

27-8-1979

அன்புள்ள அப்பா,

தேதி போட்டுவிட்டேன், திருப்தியா? தந்தி வந்தது. "உடனே மேற்கே போ" என்றால் எப்படியப்பா? தெருவில் சொன்னேன், சிரிக்கிறார்கள். "உங்கப்பா படத்துலயே ஆறு இல்லையே டீச்சர்! அதைப் பாத்துத்தானே ஆலைக்காரன் இடம் கொடுத்தான்" என்கிறார்கள். காரணம் சொல்லி உங்கள் கையெழுத்தில் ஒரு வரி வந்தால் கிளம்பிவிடுவார்கள். அதுவரை இந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு நான் மட்டும் எப்படிப் போவது?

வாசற்படி ஈரமாக இருக்கிறது.

உங்கள் மகள்

*

5-9-1979, புதன்

என் கண்ணே,

உன் கடிதம் இன்று வந்தது. என் கடிதம் உனக்கு 3-ஆம் தேதி கிடைத்திருக்க வேண்டும். ரயில் பாதைக்குக் கிழக்கே 1-ஆம் தேதியிலிருந்தே தண்ணீர் நிற்பதாகப் பத்திரிகையில் போட்டிருக்கிறான். பத்திரிகைக்காரன் தேதியை எப்போதும் தப்பாகத்தான் போடுவான்.

ஒரு வரி எழுது, அம்மா. தேதி வேண்டாம்.

அப்பா